பழகியது கருவியா, காதா?

‘பழகிவிடும்’ என்ற சொல்லை நாம் எத்துணை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! புதுச்செருப்பு காலைக் கடித்தால், பழகிவிடும். புது மருமகளுக்கு மாமியார் வீட்டுக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லையென்றால், பழகிவிடும். மாற்றலாகி வந்த பங்குத்தந்தைக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், அதுவும் பழகிவிடும். ஆறுதல் சொல்ல இதைவிட மலிவான சொல் தமிழில் இல்லை. அண்மையில் நம் காதுக்கே இந்த ஆறுதல் வழங்கப்பட்டது. அதை ஏற்க மறுத்தே இதனை எழுதுகிறோம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் திருத்தணி வந்திருந்த நம் தமக்கையின் மகள், காதுத்துளைக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன் ஒன்றைப் பரிசாகத் தந்து சென்றாள். நம்மிடம் முன்பிருந்தது காதின் வாயிற்படியில் வெறுமனே தொற்றிக்கொண்டிருக்கும் பழைய வகை. இதுவோ உள்ளே புகுந்து, ரப்பர் குமிழால் வழியை அடைத்துக்கொள்வது. அன்றிரவு ஊர் அடங்கிய பின், நாம் பல ஆண்டுகளாகக் கேட்டு மனத்தில் பதிந்துபோன கச்சேரிப் பதிவு ஒன்றை அதில் கேட்க அமர்ந்தோம். ஏமாற்றம் என்று சொன்னால் போதாது. வயலின் கம்பிவேலியைக் குச்சியால் தட்டியது போல் ஒலித்தது. பாடகரின் ‘ச’வும் ‘ஸ’வும் ஊசிமுனைகளாயின. மிருதங்கத்தின் வலந்தலை கேட்டது, இடந்தலையில் பாதியைக் காணோம். வலக்காதிலோ வேறொரு தொல்லை: எச்சில் விழுங்கினால் கிணற்றில் வாளி விழுந்த ஓசை, அறைக்குள் நடந்தால் மாடியில் யாரோ நடமாடும் ஓசை. பாட்டு எதிரே ஒருவர் அமர்ந்து பாடுவதாக இல்லை. நம் மண்டைக்குள் யாரோ குடியேறிப் பாடுவதாகத் தோன்றிற்று.

மறுநாள் கோவில் வேலையாக வந்திருந்த நம் பங்கு இளைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். நாள்தோறும் ரயிலில் சென்னை சென்று கல்லூரியில் படிப்பவர், இத்தகைய பொருள்களின் நுணுக்கம் அறிந்தவர். அவர் சிரித்தார். “புதுசுல அப்படித்தான் இருக்கும் சாமி. நூறு மணி நேரம் சும்மா ஓடவிடணும். அப்புறம் சவுண்டு தானா திறந்துக்கும். பழகிடும்.”

அவரைக் குறை கூறவில்லை. உலகெங்கும் இயர்போன் வாங்குவோரிடையே வேதவாக்காக உலவும் பேச்சு இது. நாற்பது மணி நேரம் என்பர் சிலர், நூறு என்பர் சிலர், இருநூறு என்பாரும் உளர். மாங்காய் உப்பில் ஊறுவது போல் கருவியும் இசையில் ஊறித் தன் பச்சை வாசனை நீங்கும் என்பது நம்பிக்கை. இதில் ஒரு துளி உண்மை இல்லாமலில்லை. உள்ளே அதிரும் மெல்லிய சவ்வு ஓரளவு தளரலாம். ஆனால் கருவிகொண்டு அளந்து பார்த்தவர்கள் கண்ட மாற்றம், அதே இயர்போனைக் காதில் சற்றே தள்ளி வைப்பதால் உண்டாகும் மாற்றத்தைவிடச் சிறிது. நூறு மணி நேரத்தில் நிகழும் ‘அற்புதத்தை’ விரல்நுனி ஒரு நொடியில் செய்துவிடுகிறது என்றால், அந்த அற்புதத்தின் தகுதி என்ன?

இந்த அறிவுரையால் பயன் பெறுபவர் யார் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். வாங்கிய பொருளைத் திருப்பித் தர வணிகர்கள் கொடுக்கும் தவணை பெரும்பாலும் ஏழு நாள், அல்லது பத்து நாள். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கேட்பவர் நூறு மணி நேரத்தை முடிக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். அதற்குள் தவணை முடிந்து, ரசீது தொலைந்து, காதும் வழிக்கு வந்திருக்கும். குறையுள்ள பொருளை விற்றவருக்கு இதைவிட நல்ல துணை வேறெது? சதி எதுவும் நடப்பதாக நாம் சொல்லவில்லை. வாங்கியவனே விற்றவனுக்காக வாதாடும் வேடிக்கையைத்தான் சொல்கிறோம்.

அவ்விளைஞர் சொன்னபடியே நாமும் ஆறு இரவுகள் கேட்டோம். உண்மையைச் சொல்வதானால், பழகிற்று. ஐந்தாம் நாள் வயலின் அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. ஆறாம் நாள், ‘பரவாயில்லையே’ என்று நம்மையறியாமல் சொல்லிக்கொண்டோம்.

அந்த ஆறாம் நாளுக்கு மறுநாள் டிசம்பர் 31. திருத்தணி மலையில் அன்று படித்திருவிழா. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாகக் கணக்கிடப்படும் 365 படிகளிலும் பஜனைக் குழுவினர் பாடிக்கொண்டே ஏறுவர். இரவு நன்றி வழிபாட்டுக்கு மெழுகுவத்தி வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்ற நாம், மலையடிவாரத்தில் அத்தகைய குழு ஒன்றைக் கடக்க நேர்ந்தது. ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், நான்கைந்து ஜோடி ஜால்ரா. ஒலிபெருக்கி எதுவுமில்லை. மிருதங்கத்தின் இடந்தலை நெஞ்சில் வந்து தட்டியது. ஜால்ரா பளபளத்ததே அன்றிக் குத்தவில்லை. நின்று கேட்டோம். வீடு வந்து இயர்போனைச் செருகினால், மீண்டும் அதே தகரம்! ஆறு இரவுப் பழக்கம் ஐந்து நிமிட உண்மை ஒலியின் முன் நிற்கவில்லை.

அப்போதுதான், ஆறு நாள்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தோம். பெட்டியைத் திறந்து முழுவதும் பார்த்தோம். உள்ளே, நாம் கவனியாமல் விட்ட சிறு பொட்டலத்தில் வேறு இரண்டு அளவுகளில் ரப்பர் குமிழ்கள் இருந்தன. நம் இடக்காதின் துளை வலக்காதினுடையதைவிடச் சற்று அகலம் போலும்! இரு காதும் ஒரே அச்சில் வார்க்கப்படுவதில்லை என்பதை ஐம்பது வயதுக்கு மேல் அறிந்துகொண்டோம். வழி சரியாக அடைபடாவிட்டால் தாழ்ந்த ஒலிகள் இடுக்கு வழியே ஒழுகிவிடும், கீச்சொலிகளே மிஞ்சும். இடக்காதுக்குப் பெரிய குமிழை மாட்டினோம். மிருதங்கம் வீடு திரும்பிற்று.

ஆக, குறை கருவியின் பச்சைத்தன்மையும் அன்று, காதின் அறியாமையும் அன்று. ஒரு ரப்பர் குமிழின் அளவு. ‘பழகிவிடும்’ என்ற சொல் அந்தப் பொட்டலத்தைத் தேடவிடாமல் ஆறு நாள் நம் கையைக் கட்டிப்போட்டிருந்தது. இச்சொல்லின்மீது நாம் சுமத்தும் முதல் குற்றம் இதுவே: ‘ஏன் இப்படி?’ என்ற கேள்வியை இது வாயிலேயே அடைத்துவிடுகிறது.

உடனே ஒரு மறுப்பு எழும். காது பழகுவது பொய்யா? பொய்யன்று. அது படைப்பின் பெருவியப்புகளுள் ஒன்று. நெதர்லாந்து நாட்டு நைமேகன் பல்கலைக்கழகத்தில் (1923இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்றது என்பது நம் வாசகர்க்கு உவப்பான செய்தி) ஹோஃப்மன், வான் ரிஸ்விக், வான் ஓப்ஸ்டல் என்னும் மூவர் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நம் காதுமடலின் மேடுபள்ளங்கள் ஒலி மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா என மூளைக்கு உணர்த்துகின்றன. அம்மடலின் பள்ளத்தில் அச்சு ஒன்றைப் பொருத்தி அதன் வடிவை மாற்றினார்கள். உடனே அம்மனிதர்களுக்கு மேல் கீழ் தெரியாமல் போயிற்று. ஆனால் சில வாரங்கள் அதையே அணிந்து நடமாடியதும், புதிய காதோடு பழையபடி மேல் கீழ் அறியத் தொடங்கினார்கள். வியப்பு அதோடு முடியவில்லை. அச்சைக் கழற்றியபோது, தடுமாற்றமே இல்லாமல் தம் பழைய காதுக்குத் திரும்பினார்கள். புதியதைக் கற்ற மூளை பழையதை அழிக்கவில்லை. தமிழும் தெலுங்கும் அறிந்த ஒருவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த உவமை நமக்குத் தோன்றக் காரணம் உண்டு. 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் இது. தென்மாவட்டத்தில் பிறந்த நாம் இங்கு வந்த புதிதில், சந்தையில் ஒரே வாக்கியத்துக்குள் இரு மொழியும் கைகோத்து வருவது கேட்டுத் திகைத்து நின்றதுண்டு. இன்று எது எம்மொழி என்று பிரித்துப் பார்க்கவும் தோன்றுவதில்லை. காது பழகிற்று. ஆனால் எப்படிப் பழகிற்று? கேட்டு, தவறாகப் புரிந்து, காய்கறிக்காரம்மாவிடம் திருத்தம் பெற்று, மீண்டும் கேட்டுப் பழகிற்று.

இங்கேதான் இரண்டு வேறுபட்ட காரியங்களை நம் மொழி ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறது. ஒன்று பயிற்சி. மற்றது மரத்துப்போதல். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையாகிய ‘ஸ்ரீநாதாதி’யைத் திருத்தணியில்தான் பாடினார் என்பது இசை மரபு. மலைமேல் அவர் வாயில் முருகனே கற்கண்டு இட்டதாகக் கதை. அக்கீர்த்தனையின் இராகம் மாயாமாளவகௌளை. இன்றும் பாட்டுக் கற்கும் பிள்ளைகள் சரளிவரிசையை அந்த இராகத்தில்தான் தொடங்குகிறார்கள். சுருதிப்பெட்டியின் முன் அமர்ந்த பிள்ளைக்கு முதல் மாதம் ஸ்வரம் விலகுவது தெரியாது. ஆறு மாதத்தில் மயிரிழை விலகினாலும் முகம் சுளிக்கும். அதுவும் காது பழகியதுதான். ஆனால் அங்கே எதிரில் ஒருவர் அமர்ந்து, ‘இல்லை, இன்னொரு முறை’ என்கிறார். பயிற்சி பெற்ற காது முன்பு கேளாததைக் கேட்கிறது. மரத்துப்போன காது முன்பு கேட்டதைக் கேளாமல் விடுகிறது. குருமடத்தில் புனித தோமா அக்குவினாஸைப் படித்தபோது, மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்தில் ஊறிவிடும் நிலையை ‘ஹாபித்துஸ்’ என்று அவர் அழைப்பதையும், நற்பண்பும் தீப்பண்பும் இரண்டுமே அதில் அடங்கும் என்பதையும் ஒப்பித்தோம். தேர்வு எழுதி மறந்துபோன அந்தப் பாடம், முப்பது ஆண்டு கழித்து ஒரு ரப்பர் குமிழின் வழியே திரும்பி வந்தது.

நாம் சொல்ல வந்த பெருந்தீங்கு இனிமேல்தான் வருகிறது. புது இயர்போன் ‘பழகும்’ நாள்களில் நம் விரல் செய்யும் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒலி மெலிதாக இருந்தால் மனிதக் காது தாழ்ந்த ஸ்வரங்களைக் குறைத்தே கேட்கும், ஒலி ஓங்க ஓங்க அவை நிரம்பி வரும். ஃப்ளெட்சரும் மன்சனும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அளந்து 1933இல் வெளியிட்ட உண்மை இது. ஆகவே சுவையற்ற இயர்போனில் ஒலியை ஒரு படி ஏற்றினால் சுவை கூடியது போல் தோன்றும். இரண்டு நாளில் அந்தப் படியும் பழகும். இன்னொரு படி ஏற்றுவோம். ‘சவுண்டு திறந்துகொண்டது’ என்று நண்பரிடம் சொல்வோம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இங்கே புளித்ததையெல்லாம் பால் என்று நம்பிக் குடிக்கிறோம்.

இதற்கும் ஓர் அளவு உண்டு. உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2018இல் வகுத்த நெறிப்படி, வளர்ந்தவர்க்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலை எட்டினால் வாரத்துக்கே நான்கு மணி நேரந்தான். திருத்தணியிலிருந்து சென்னைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். மின்சார ரயிலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ரயிலின் இரைச்சலை மீறப் பாட்டை அந்த அளவுக்கு ஏற்றிக் கேட்டுச் செல்லும் மாணவருக்கு, திங்கட்கிழமை மாலை வீடு திரும்பும்போதே அந்த வாரத்துப் படி தீர்ந்துபோகிறது. செவ்வாய் முதல் சனி வரை அவர் செலவழிப்பது முதல்.

அந்த முதல் திரும்பி வராது. உட்செவியின் நத்தைச் சுருளில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் காதொன்றுக்கு ஏறத்தாழ 15,000. கோழிக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைக்கின்றன என்று 1980களில் கண்டறிந்தார்கள். மனிதனுக்கு முளைப்பதில்லை. (நம் வீட்டுச் சேவலுக்கு உள்ள சலுகை நமக்கு இல்லை என்பது சற்று வருத்தந்தான்.) திருவிழாக் கூச்சலில் நின்று வந்தபின் காது அடைத்து, மறுநாள் தெளிந்துவிடுகிறதே என்பார்கள். குஜாவாவும் லிபர்மனும் எலிகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட செய்தி அந்த ஆறுதலையும் பறித்துவிட்டது. பேரிரைச்சலுக்குப் பின் எலிகளின் கேட்கும் திறன் சோதனையில் பழைய நிலைக்கு மீண்டது. ஆனால் காதையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளுள் பாதியளவு, கீச்சொலிப் பகுதியில், மீளாமல் அறுந்து கிடந்தது. ‘சரியாகிவிட்டது’ என்று உணர்வதும் சரியாகிவிடுவதும் வேறு.

நமக்கு நூறு மணி நேர அறிவுரை சொன்ன அந்த இளைஞர், பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். இரவு படுத்தால் ஒரு காதில் வண்டு ரீங்காரம் போல் ஏதோ கேட்கிறதாம். எவ்வளவு நாளாக என்றோம். “ஒரு வருஷம் இருக்கும் சாமி. மொதல்ல தூக்கம் வரல. இப்ப பழகிடுச்சு.”

இருபது வயது. பழகிடுச்சு!

அவரைக் காது மருத்துவரிடம் அனுப்பினோம். முதலில் மறுத்தார், நாம் விடவில்லை. அவர் கொண்டுவந்த தாளில் கோடு நேராகச் சென்று 4,000 ஹெர்ட்ஸ் அருகே சிறிதாகப் பள்ளம் விழுந்து மீண்டும் ஏறியது. இரைச்சலால் தேயும் காதின் அடையாளம் அந்தப் பள்ளம் என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார். நமக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. அதே பள்ளத்தை, இதைவிடப் பன்மடங்கு ஆழமாக, நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவரின் தாளில் முன்பே பார்த்திருந்தோம்.

அம்முதியவர் முப்பது ஆண்டுக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: தெருவுக்குள் நுழையும் முன்பே தறிச்சத்தம் வரவேற்கும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. தறிக்கூடம் எந்த விதியைப் படித்தது? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தலைவலியில் வாந்தி எடுத்தாராம். உடன் ஓட்டியவர்கள் சொன்னார்கள்: பழகிடும். பழகிற்று. தறிச்சத்தத்தைக் கேளாமலிருக்கப் பழகிய காது, மெல்லமெல்ல மனைவி அடுக்களையிலிருந்து அழைப்பதையும், பேரப்பிள்ளையின் மழலையையும், கோவிலில் வாசகத்தையும் கேளாமலிருக்கப் பழகிக்கொண்டது. நமக்குள்ள சங்கடம் ஒன்றைச் சொன்னால் வாசகர் புரிந்துகொள்வர். ஒப்புரவு அருளடையாளத்தில் குருவானவர் குரலை உயர்த்த இயலாது. நாம் தாழ்ந்த குரலில் சொல்வது அவருக்குக் கேளாது, அவர் தம் குரலின் அளவு அறியாமல் பேசுவது வரிசையில் நிற்பவர்க்கெல்லாம் கேட்கும். சில ஆண்டுகளாக அவர் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

இளைஞர்களைக் கண்டிக்கும் முன் நம் முற்றத்தையும் கூட்டிவிடுவோம். அந்த மாணவரிடம் இயர்போனின் தீமை பற்றி நாம் அரைமணி நேரம் அறிவுரை கூறியபோது, பணிவோடு கேட்டிருந்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார். “சாமி, நம்ம திருவிழா மைக்செட்டு பத்து நாளும் எங்க வீட்டைப் பாத்துத்தான் கட்டியிருந்தது. படிக்கணும்னு அப்பத்தான் மொதல்ல இதை வாங்கினேன்.” பதில் சொல்ல வாய் வரவில்லை. சென்னையில் கிறிஸ்தவச் சபை ஒன்றின் ஒலிபெருக்கியை எதிர்த்து அண்டை வீட்டார் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென்று எந்தச் சமயமும் கூறவில்லை என உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டு 30இல் தீர்ப்பளித்ததை நாம் அறியாமலில்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என அதே ஆண்டில் வந்த விதியையும் அறிவோம். அறிந்தும், ‘திருவிழாதானே, மக்களுக்குப் பழகிவிட்டது’ என்று இருந்துவிட்டோம். திருமுழுக்கில் குழந்தையின் காதைத் தொட்டு அது திறக்க வேண்டுமென்று மன்றாடும் கையே, அந்தக் காதுக்கு நேரே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டச் சொல்லிக் கையெழுத்தும் இடுகிறது. கடந்த திருவிழாவில் குழாய்களை இறக்கிவிட்டோம். எதிர்ப்பு வந்தது. ‘விழா விழாவாகவே இல்லை’ என்றார்கள். அவர்களுக்கும் ‘பழகிவிடும்’ என்று சொல்ல நா எழுந்ததை அடக்கிக்கொண்டோம்.

கருவியை வெறுப்பது நம் நோக்கமன்று. இக்கருவியின் பிறப்பிலேயே ஒரு மறையுரை உண்டு. அமெரிக்காவின் யூட்டாவில் நதானியேல் பால்ட்வின் என்பவர், பெரிய ஆலயத்தில் மறையுரை தமக்குச் சரியாகக் கேட்கவில்லை என்ற குறையால் ஒலி பெருக்கும் வழியைத் தேடத் தொடங்கினார் என்பர். தம் வீட்டு அடுக்களையில் உருவாக்கிய ஹெட்போனை அவர் 1910இல் அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். மறையுரை கேட்கப் பிறந்த கருவியை மறையுரையின்போது மாட்டிக்கொள்வோரும் நம் பங்கில் உண்டு, அது வேறு கதை. அளவு சரியாகப் பொருந்திய இயர்போன் வெளி இரைச்சலைத் தடுப்பதால், ரயிலிலும் குறைந்த ஒலியில் கேட்க முடியும் என்பதை மறைக்க மாட்டோம். அந்த மாணவருக்கு நாம் சொன்னதும் அதுதான்: கழற்றி எறிய வேண்டாம், முதலில் உன் காதுக்கு ஏற்ற குமிழைத் தேடு. வீட்டில் அமைதியான அறையில் போதுமான ஒலி எதுவென்று பார்த்துக் குறித்துக்கொள். ரயிலில் அந்தக் குறியைத் தாண்டாதே. புதிதாக எது வாங்கினாலும், திருப்பித் தரும் தவணைக்குள் உனக்கு மனப்பாடமான ஒரு பாட்டை வைத்து நேர்மையாகச் சோதித்துவிடு. பிடிக்கவில்லையென்றால் நூறு மணி நேரம் காத்திராதே. காதுக்குள் நம் நடையொலி முழங்குவதும், பாட்டு மண்டைக்குள் குடியிருப்பதும் வழியை அடைத்ததன் விளைவு. அவற்றுக்குக் காது பழகட்டும், குற்றமில்லை. ஊசிக்குத்தலுக்கும் ரீங்காரத்துக்கும் பழகாதே.

அவர் கேட்டுக்கொண்டார். முதியவர்தான் கேட்கவில்லை. சென்ற ஆண்டு அரசு முகாமில் அவருக்குக் காது கேட்கும் கருவி கொடுத்தார்கள். இரண்டு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு மாடத்தில் வைத்துவிட்டார். “தகரத்துல கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு சாமி” என்பதே அவர் புகார். பல ஆண்டுகளாகக் கீச்சொலிகளை மறந்துவிட்ட மூளைக்கு அவை ஒரே நாளில் திரும்பி வந்தால் தகரமாகத்தான் ஒலிக்கும். இது மட்டுமே சில வாரங்கள் பொறுத்தால் உண்மையில் பழகும் பழக்கம்: அமைதியான வீட்டில் முதலில் ஒரு மணி நேரம், பின்பு இரண்டு, பின்பு தெரு, கடைசியில் கூட்டம். இதைக் காதுநலப் பயிற்சியாளர் அவருக்குச் சொல்லியும் இருந்தார். ஆனால் முப்பது ஆண்டுத் தறிச்சத்தத்துக்குப் ‘பழகிடும்’ என்று சொன்னவர்களை நம்பியவர், தம் செவியை மீட்டுத்தரும் கருவிக்கு அதே சொல்லைச் சொன்னபோது நம்பவில்லை. நம்ப வேண்டிய இடத்தில் நம்புவதற்கு அச்சொல்லில் எதுவும் மிச்சமில்லை. தீமைக்கெல்லாம் அதைச் செலவழித்துவிட்டோம்.

ஆகவே அவரிடம் அச்சொல்லைச் சொல்லவில்லை. தாளில் பெரிய எழுத்தில் நம் இயர்போன் கதையை எழுதிக் காட்டினோம். ரப்பர் குமிழ் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கருவியை மாடத்திலிருந்து எடுத்தோம். அவர் கருவியின் அச்சும் காதோடு சரியாகப் பொருந்தாமல் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. மகனை அனுப்பி வேறு அளவில் மாற்றச் செய்தோம். தினமும் மாலை ஒரு மணி நேரம், வீட்டுக்குள், மனைவி மட்டும் பேசுவதாக ஏற்பாடு.

நான்காம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்குப் பின் சக்கிறிஸ்தி வாசலில் நின்றார். முகத்தில் கோபம். “வீட்டுல குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு சாமி. ராத்திரியெல்லாம் சொட்டுது. இவகிட்ட கேட்டா, எட்டு வருஷமா சொட்டுதுங்கறா. ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல.”

குழாய் ரிப்பேர்காரரைத் தேடி அன்றே புறப்பட்டுவிட்டார்.